கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

ஜூன் 3, சனி

முதல் ஷிஃப்ட். கம்பெனி பஸ் ஐந்து ஐம்பதுக்கு வந்தது. நாற்பத்திரண்டு கண்ணாடி சோதித்தேன். மூன்று ரிஜெக்ட். இரண்டில் ஓரத்தில் குமிழி, ஒன்றில் கீறல்.

இந்த டைரி கம்பெனி கொடுத்தது. ஜனவரியில் கொண்டுவந்து லோசனியிடம் கொடுத்தேன். பேனாவை நூலில் கட்டி ஃபிரிட்ஜ் மேல் வைத்திருந்தாள். மார்ச் பதினொன்று வரை அவள் கையெழுத்து. அதன் பிறகு வெறும் பக்கங்கள். அதில்தான் எழுதுகிறேன். முன்னால் இருப்பதைத் திருப்பவில்லை.

அவள் போய் நாற்பத்திநான்கு நாள்.

ஜூன் 4, ஞாயிறு

துணி துவைத்தேன். பால்கனியில் காயப்போட்டேன். சோறு குழைந்துவிட்டது. தண்ணீர் எவ்வளவு என்று கேட்க ஆள் இல்லை.

இன்று வீட்டுக்குள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது படுக்கப் போகும்போதுதான் தெரிந்தது.

ஜூன் 6, செவ்வாய்

சாத்தூரிலிருந்து அக்கா போன்.

"ஏலே, சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்."

"என்ன சாப்ட்ட?"

யோசிக்க வேண்டியிருந்தது. "இட்லி" என்றேன்.

"பொய் சொல்லாத. பெரிய ஆளு மாதிரி அங்க தனியா கெடக்காம கெளம்பி வா."

"லீவு இல்லக்கா."

லீவு இருபத்திரண்டு நாள் மிச்சம் இருக்கிறது.

ஜூன் 8, வியாழன்

எதிர் வீட்டு ஹெப்சிபா மீன் குழம்பு கொண்டுவந்தாள். இடுப்பில் குழந்தை ஷெரின். ஒன்றே முக்கால் வயது. லோசனிக்கும் ஹெப்சிபாவுக்கும் நல்ல பழக்கம். நான் ஷிஃப்டுக்குப் போனதும் இரண்டு வீட்டுக் கதவும் திறந்தே கிடக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

"முள்ளு பாத்துச் சாப்பிடுங்கண்ணா. அக்கா இருந்தா எடுத்துப் போட்டிருப்பாங்க."

"சரிம்மா."

"அக்கா சொல்லிக் குடுத்தத நான் விடலண்ணா. டெய்லி பதினோரு மணிக்கு பால்கனிக் கண்ணாடி பக்கத்துல பாய் போட்டு பாப்பாவ உக்கார வெச்சிடறேன். வெயில் எலும்புக்கு நல்லதுன்னு அக்காதான சொன்னாங்க. உங்க கண்ணாடி வேற சூப்பர் கண்ணாடி. ரெண்டு பேரும் கொஞ்சங்கூட கறுக்கல பாருங்க."

கையை நீட்டிக் காட்டினாள். கறுக்கவில்லைதான்.

"சரிம்மா" என்று கதவைச் சாத்தினேன்.

குழம்பு நன்றாக இருந்தது.

ஜூன் 9, வெள்ளி

எங்கள் பிளாட்டில் மூன்று வீட்டு பால்கனியை நான்தான் கண்ணாடி போட்டு அடைத்தேன். என் வீடு, ஹெப்சிபா வீடு, கீழே ஒரு வீடு. எல்லாம் ஓரத்தில் குமிழி விழுந்த ரிஜெக்ட் கண்ணாடி. எங்களுக்குக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். இரண்டு கண்ணாடிக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய ரகம். தூசி வராது, சத்தம் வராது, புறா வராது.

லோசனிக்குப் புறாவோடு தினமும் சண்டை. துடைப்பத்தோடு நின்று, "ஏய், இது என்ன ஒங்க மாமியார் வீடா?" என்று கத்துவாள். அந்தச் சண்டை முடியட்டும் என்றுதான் அடைத்தேன்.

மிச்சம் வைத்திருந்த துண்டு ஒன்றை இன்று லேபுக்கு எடுத்துப்போய் மெஷினில் வைத்தேன். வெயிலில் தோல் வைட்டமின் டி தயாரிக்க ஒரு கதிர் வேண்டும். வெளிச்சமும் சூடும் போதாது. அந்தக் கதிர் நூறு பங்கு வந்து விழுந்தால் இந்தக் கண்ணாடியைத் தாண்டி ஒரு பங்குகூட வருவதில்லை. இது எனக்குப் புதுச் செய்தி இல்லை. ஆறு வருடமாக இதைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவதுதான் என் வேலை. சோபாத் துணி வெளுக்காது, தோல் கறுக்காது என்று கம்பெனி அட்டையிலேயே அச்சடித்திருக்கிறோம்.

ரீடிங் சரியாக இருந்தது. நல்ல கண்ணாடி. பாஸ்.

ஜூன் 10, சனி

திருப்பினேன்.

ஜனவரி 17: டாக்டர். ரத்த ரிப்போர்ட். வைட்டமின் டி 9. இருபதாவது இருக்கணுமாம். வாரம் ஒரு மாத்திரை. வெயில் படணும்.

ஜனவரி 18: வெயில் 20 நி. புறா 2.

ஜனவரி 19: வெயில் 20 நி. ஹெப்சி வந்தா.

இப்படியே போகிறது. கண்ணாடிக்கு வெளியே வந்து உட்காரும் புறாவையும் எண்ணியிருக்கிறாள். ஏழு நாள் 'மேகம்' என்று எழுதியிருக்கிறாள். பிப்ரவரி 14இல் 'இடுப்பு வலி, வெயில் 30 நி.' என்று இருக்கிறது. வலி கூடினால் வெயிலைக் கூட்டியிருக்கிறாள்.

மார்ச் 11: ஜுரம். தலைவலி. வெயில் 10 நி.

மொத்தம் நாற்பத்தாறு நாள்.

ஜூன் 11, ஞாயிறு

நாள் முழுக்க போனில் படித்தேன். காசநோய்க் கிருமியை விழுங்கும் வெள்ளை அணுக்கள் அதைக் கொல்ல வைட்டமின் டி உதவுகிறதாம். அது குறைவாக உள்ளவர்களுக்குக் காசநோய் அதிகம் வருகிறதாம். மாத்திரை கண்டுபிடிப்பதற்கு முன்னால் நோயாளிகளைக் கட்டிலோடு வெயிலிலும் காற்றிலும் போட்டு வைப்பார்களாம். தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனை எத்தனை தடவை ரயிலில் தாண்டியிருக்கிறேன். அது காசநோய் ஆஸ்பத்திரிக்கு வைத்த பெயர் என்று யோசித்ததே இல்லை.

லோசனிக்கு நுரையீரலில் தொடங்கி மூளைக்குப் போனது. கண்டுபிடித்தது மார்ச் 20. அதன் பிறகு அவள் இருந்தது ஒரு மாதமும் பதினொரு நாளும்.

கணக்குத் தப்பு. மார்ச் 20இலிருந்து ஏப்ரல் 20 சரியாக ஒரு மாதம். எதனால் பதினொன்று என்று எழுதினேன் என்று தெரியவில்லை.

ஜூன் 13, செவ்வாய்

படிக்கட்டுக் கேட்டைப் பிடித்துக்கொண்டு ஷெரின் நின்றிருந்தாள். பாதம் இரண்டும் ஒட்டி நிற்கிறது. முழங்கால்களுக்கு நடுவில் ஒரு டென்னிஸ் பந்து போகும். மணிக்கட்டு உருண்டு பருத்திருக்கிறது. என்னைப் பார்த்துச் சிரித்தாள். கையை விட்டு ஓர் அடி வைத்தாள், உட்கார்ந்துவிட்டாள்.

ஹெப்சிபாவின் கணவன் டேனியல் கேப் ஓட்டுகிறான். ஷூ மாட்டிக்கொண்டே சொன்னான்:

"எங்க சித்தப்பா பையன் ரெண்டர வயசுலதான் நடந்தான் பிரதர். இப்ப போலீஸ்ல இருக்கான்."

"ஆமா, திருடன் பின்னாடி நடந்தேதான் போறானாம்" என்றாள் ஹெப்சிபா உள்ளிருந்து.

"பேசறா பாருங்க. ஞாயித்துக்கிழம கூட்டிட்டுப் போறேன் பிரதர். மப்பேடு பக்கம் ஒருத்தர் இருக்காரு. எண்ணெய் போட்டு நீவி, மூங்கில் பட்டை வெச்சு இழுத்துக் கட்டிருவாரு. பத்தே நாள்ல கால் நேராயிரும்."

சத்தில்லாமல் மென்மையாகிப்போன எலும்பு. அதை இழுத்துக் கட்டினால் முறியலாம். நேற்று முன்தினம் படித்ததில் அதுவும் இருந்தது.

"பாத்துப் பண்ணுங்க" என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

ஞாயிறு என்றால் பதினெட்டு. ஐந்து நாள் இருக்கிறது.

ஜூன் 14, புதன்

சொல்லவில்லை. இரண்டாவது ஷிஃப்ட்.

ஜூன் 15, வியாழன்

எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன். ஹெப்சிபா திறந்தாள். அவளுக்குப் பின்னால் பால்கனி தெரிந்தது. பாய் விரித்திருந்தது. பாய் மேல் வெயில். வெயில் மேல் குழந்தை.

"என்னண்ணா?"

"தேங்கா இருக்கா?"

அரை மூடி கொடுத்தாள். "சட்னி அரைக்கத் தெரியுமா? பொட்டுக்கடலை வேணுமா?" என்று அதையும் ஒரு கிண்ணத்தில் கொடுத்தாள்.

தேங்காய் ஃபிரிட்ஜில் இருக்கிறது. என்ன செய்வது என்று தெரியவில்லை.

எழுதிவிடுகிறேன். கண்ணாடி பற்றிச் சொன்னால் அவள் அடுத்ததாக ஒன்று கேட்பாள். அவள் கேட்காத வரைக்கும் அந்தக் கேள்வி இந்த டைரிக்குள்ளேயே இருக்கும்.

ஜூன் 16, வெள்ளி

லீவு போட்டேன். டாக்டர் திலகவதியின் கிளினிக்குக்குப் போனேன். ஜனவரியில் லோசனியைப் பார்த்தவர். டோக்கன் 31. எனக்கு முன்னால் முப்பது பேர் இருமினார்கள்.

"உங்களுக்கு என்ன பண்ணுது?"

"எனக்கு ஒண்ணும் இல்ல மேடம். லோசனி ஹஸ்பண்ட்."

பேனாவைக் கீழே வைத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடி, ரீடிங், நாற்பத்தாறு நாள். மாத்திரையை நாலே வாரத்தில் நிறுத்தியதையும் சொன்னேன். குமட்டுகிறது என்றாள். வெயில்தான் சும்மா வருகிறதே, மாத்திரை எதற்கு என்று நான்தான் சொன்னேன்.

"அந்த நாப்பத்தாறு நாளும் வெளிய உக்காந்திருந்தா பொழச்சிருப்பாளா மேடம்?"

"தெரியாது."

"ஒரு பர்சன்டேஜ் மாதிரியாவது…"

"இது உங்க மெஷின் இல்லப்பா. குறைவா இருக்கறவங்களுக்கு டி.பி. அதிகம் வருது, உண்மைதான். அதனாலதான் பெரிய பெரிய ஆய்வெல்லாம் பண்ணிப் பாத்தாங்க. வைட்டமின் டி குடுத்தவங்களுக்கும் குடுக்காதவங்களுக்கும் சொல்லிக்கற மாதிரி வித்தியாசம் வரல. நோய் வந்ததால சத்து குறைஞ்சுதா, சத்து குறைஞ்சதால நோய் வந்துதான்னே சில பேருக்குப் பிரிச்சுச் சொல்ல முடியாது. எலும்புக்குன்னா நான் கையெழுத்துப் போட்டுத் தருவேன். மத்ததுக்கெல்லாம் இன்னும் பாத்துட்டுதான் இருக்காங்க."

நான் எழுந்திருக்கவில்லை. அவர் பேனாவை எடுத்து மூடி போட்டார்.

"ஜனவரியில எடை குறையுது, அசதியா இருக்குன்னு சொன்னா. ரிப்போர்ட்ல ஒம்பதுன்னு பாத்தேன். ஓ, இதுதான் காரணம்னு அதோட நிறுத்திட்டேன். ஒரு எக்ஸ்ரே எழுதியிருக்கலாம். நானும் வீட்டுக்குப் போய் யோசிக்காம இல்ல."

எனக்கு அவரைத் திட்ட வேண்டும் என்று தோன்றவில்லை. என்ன தோன்றியது என்றும் தெரியவில்லை. ஷெரினின் காலைப் பற்றிக் கேட்டேன்.

"இழுத்துக் கட்டறதா?" அவர் குரல் மாறியது. "விடாதீங்க. குழந்தைய இங்க கொண்டுவரச் சொல்லுங்க. இது ரிக்கெட்ஸா, அந்த எலும்பு வளையற நோயா இருந்தா மருந்துலயே சரியாகும். இதுக்கு ஆய்வெல்லாம் தேட வேண்டியதில்ல, நூறு வருஷமா தெரிஞ்ச விஷயம். நாளைக்கே சொல்லணும், கேட்டுச்சா?"

ஜூன் 17, சனி

காலை. இன்னும் சொல்லவில்லை. அதற்கு முன்னால் இதை எழுதிவிட வேண்டும்.

ஜனவரி 17, டாக்டரிடமிருந்து வந்த சாயங்காலம். லோசனி சொன்னாள்: "மொட்டை மாடிக்கெல்லாம் ஏற முடியாதுங்க. மூணாவது வீட்டுக்காரி வந்து வந்து பாப்பா. நம்ம பால்கனியிலயே நல்ல வெயில் வருது. இங்க உக்காந்தா கறுக்கவும் மாட்டேன், இல்ல?"

நான் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். "கறுக்கவே மாட்ட. நம்ம கண்ணாடி அப்படி" என்றேன்.

பெருமையாகச் சொன்னேன்.

கண்ணாடி கதிரை விடாது, அவளுக்கு அந்தக் கதிர் வேண்டும்: இரண்டு விஷயமும் எனக்குத் தெரியும். ஒன்று கம்பெனியில் தெரியும், ஒன்று வீட்டில் தெரியும்.

மாலை.

சொல்லிவிட்டேன். டேனியல் சவாரியில் இருந்தான். ஹெப்சிபா நாளை எடுத்துப்போக நல்லெண்ணெய் பாட்டில் வாங்கி டீப்பாய் மேல் வைத்திருந்தாள். நான் வாசலிலேயே நின்று சொன்னேன். ஷிஃப்ட் முடிந்து அடுத்த ஆளிடம் சொல்வதுபோல வரிசையாகச் சொன்னேன். இந்தக் கண்ணாடி வழியாக வெளிச்சம் வரும், சூடு வரும், வேண்டியது வராது. குழந்தைக்கு அது கிடைக்கவே இல்லை. காலை இழுத்துக் கட்டக் கூடாது. டாக்டர் திங்கட்கிழமை வரச் சொன்னார்.

"என்னண்ணா சொல்றீங்க? அஞ்சு மாசமா உக்கார வெக்கறேன்."

"தெரியும்மா."

"எப்ப தெரியும்?"

"கண்ணாடிய பத்தி எப்பவுமே தெரியும். நீ உக்கார வெக்கறது போன வாரம் நீ சொல்லித் தெரியும்."

"ஒரு வாரமா வாய மூடிட்டா இருந்தீங்க? தேங்கா கேக்க வந்தீங்களே, அன்னிக்கும் தெரியுமா?"

"தெரியும்."

குழந்தையைத் தூக்கி மடியில் வைத்து அதன் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிறகு நிமிர்ந்தாள். நான் காத்திருந்த கேள்வி வந்தது.

"அக்காவும் அங்கதான உக்காந்தாங்க?"

"ஆமா."

"அவங்களுக்கும் நீங்க சொல்லலையா?"

"கறுக்க மாட்டன்னு சொன்னேன்."

அவள் எழுந்து வந்து கதவைச் சாத்தினாள். அறையவில்லை, மெதுவாகத்தான் சாத்தினாள். நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். கதவில் போன கிறிஸ்துமஸுக்கு ஒட்டிய நட்சத்திரம் இன்னும் இருக்கிறது. அதை ஒட்டும்போது ஸ்டூலைப் பிடித்தது லோசனி.

ஜூன் 18, ஞாயிறு

அவர்கள் சர்ச்சுக்குப் போனார்கள். திரும்பி வந்தார்கள். எண்ணெய் பாட்டிலோடு எங்கும் போகவில்லை. ஜன்னல் வழியாக நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 22, வியாழன்

டேனியல் கதவைத் தட்டினான். கையில் எக்ஸ்ரே கவர்.

"டாக்டர் சொன்னது கரெக்ட். ரிக்கெட்ஸ். வைட்டமின் டி ஆறுதானாம். பாலத் தவிர எதுவும் திங்க மாட்டேங்குறா, வெயிலும் இல்ல. சொட்டு மருந்து, கால்சியம் எழுதியிருக்காங்க. மூணு மாசம். டபுளா குடுத்தா சீக்கிரம் சரியாகுமான்னு கேட்டேன். கிட்னி கெட்டுரும்னு செம டோஸ் எனக்கு விழுந்துச்சு."

நான் தலையாட்டினேன்.

"உங்கள நாலு அறை அறையணும்னுதான் பிரதர் வந்தேன்."

"சரி."

"சரின்னா என்ன சரி? இப்படி நின்னா எப்படி அடிக்கறது?" அவன் சுவரில் சாய்ந்தான். "கழட்டத் தெரியுமா அத?"

தெரியும். கண்ணாடி தூக்கும் ரப்பர்க் கைப்பிடியும் சிலிகான் அறுக்கும் கத்தியும் எடுத்துக்கொண்டு போனேன். ஹெப்சிபா சமையலறையிலிருந்து வெளியே வரவில்லை. நான்கு பலகை. மூன்று மணி நேரம். டேனியல் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

"மெதுவா, மெதுவா. கால்ல போட்டீங்கன்னா எனக்கும் எக்ஸ்ரேதான்."

கடைசிப் பலகை வந்ததும் காற்று உள்ளே அடித்தது. ரோட்டுச் சத்தம் முழுக்க வீட்டுக்குள் வந்தது. ஷெரின் தவழ்ந்து வந்து வெயிலில் கையை வைத்தாள். எடுத்துப் பார்த்தாள். திரும்பவும் வைத்தாள்.

கிளம்பும்போது சமையலறையிலிருந்து குரல் மட்டும் வந்தது. "டீ போட்டிருக்கேன். குடிச்சிட்டுப் போகச் சொல்லுங்க."

ஜூலை 2, ஞாயிறு

கீழ் வீட்டிலும் போய்ச் சொன்னேன். அவர்கள் கண்ணாடியை எடுக்க மாட்டார்களாம். புறா வருமாம். வெயிலுக்கு மாடிக்குப் போகிறோம் என்றார்கள். சரி.

ஜூலை 20, வியாழன்

மூன்று மாதம்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

சட்னி அரைத்தேன். உப்பு அதிகம்.

செப்டம்பர் 24, ஞாயிறு

கதவில் யாரோ உள்ளங்கையால் தட்டும் சத்தம். தாழ்ப்பாளுக்கு ரொம்பக் கீழே கேட்டது. திறந்தேன். ஷெரின். எதிர் வீட்டு வாசலில் ஹெப்சிபா கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். நடுவில் ஒன்பது அடி. யாரும் தூக்கி வந்து விடவில்லை.

"தானா வந்தாண்ணா" என்றாள். ஜூனுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை. "முழுசா நேராக இன்னும் ஒரு வருஷம் ஆகுமாம். ஆனா எலும்பு நல்லா பிடிச்சிருக்குன்னு டாக்டர் எக்ஸ்ரேய காட்டினாங்க."

ஷெரின் என் பேண்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கனமாக இருந்தாள்.

ஹெப்சிபா அங்கிருந்தே என் வீட்டுக்குள் பார்த்தாள். "உங்க பால்கனிக் கண்ணாடிய நீங்க இன்னும் எடுக்கலையா?"

"இல்ல."

"ஏன்?"

"எடுத்தா, அவளுக்கு எடுக்கலயேன்னு ஆயிடும்."

"அக்கா கண்ணாடியாலதான் போனாங்கன்னு டாக்டர் சொன்னாங்களா?"

"தெரியாதுன்னாங்க."

"தெரியாதுன்னா தெரியாதுதான? நீங்களா எதுக்கு ஆமான்னு எழுதிக்கறீங்க?"

எனக்குத் திடுக்கென்றது. டைரி எழுதுவது அவளுக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருக்காது. சும்மா சொல்லியிருப்பாள்.

"கோவம் எனக்கு இருக்குண்ணா. அந்த ஒரு வாரத்துக்கு. அது போக நாளாகும். ஆனா அன்னிக்கு சனிக்கிழம நீங்க வரலேன்னா மறுநாள் இவ கால…" முடிக்கவில்லை. "சாப்ட்டீங்களா?"

"இல்ல" என்றேன். ரொம்ப நாளைக்குப் பிறகு உண்மையைச் சொன்னேன்.

அக்டோபர் 8, ஞாயிறு

என் வீட்டுக் கண்ணாடியை எடுத்தேன். தனியாகச் செய்யக் கூடாத வேலை. டேனியல் வந்தான். பலகைகளைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, "வித்துருவோமா பிரதர்?" என்றான். வேண்டாம் என்றேன்.

கீழ்ப் பலகையின் உள்பக்கம், தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், இரண்டு மங்கலான தடம். காலை நீட்டி உட்கார்ந்து பாதத்தைக் கண்ணாடியில் பதித்து வைத்திருக்கிறாள். வெயிலுக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே. அந்தப் பலகையை மட்டும் துடைக்காமல் கட்டிலுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 15, ஞாயிறு

பதினோரு மணிக்கு அவள் இடத்தில் உட்கார்ந்தேன். சுட்டது. காலில் வெயில், முகத்தில் தூசி. நான்காவது நிமிடத்திலேயே எழுந்துவிடலாம் என்று இருந்தது. எழவில்லை.

புறா வந்தது. முதலில் ஒன்று, அப்புறம் இன்னொன்று. கைப்பிடிக் கம்பியில் உட்கார்ந்து வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, தலையைச் சாய்த்துச் சாய்த்துத் தேடின. பிறகு ஒன்று இறங்கி, துணி காயும் கொடிக்குக் கீழே, என் காலுக்குப் பக்கத்தில் நடக்க ஆரம்பித்தது.

"ஏய், இது என்ன ஒங்க மாமியார் வீடா?" என்றேன்.

என் குரல் வீட்டுக்குள் போய்த் திரும்பி வந்தது. கரகரவென்று இருந்தது. புறா நகரவில்லை. இன்னும் சத்தமாக இன்னொரு தடவை சொன்னேன். எதிர் வீட்டிலிருந்து ஹெப்சிபா சிரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம்.

நானும் உட்கார்ந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் அழுதேன். ஏப்ரலுக்குப் பிறகு இப்போதுதான்.

வெயில் 20 நி. புறா 2.